ஆறு மணி நேரப் போதை

“போதையிலதான் சொன்னான் சார். வேற எப்படியும் இருக்க முடியாது.”

சொல்லிவிட்டு அந்தப் பெண் ஒரு காகிதக் கவரை மேசைமேல் வைத்தாள். காளான் ஆய்வாளர் கவரைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். ஆய்வுக்கூடம் மூட இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

மழை விட்ட நாளிலிருந்து இதே கதைதான். பூங்காவில் பறித்தது, புல்வெளியில் பறித்தது, நண்பன் கொடுத்தது என்று தினமும் பத்துப் பைகள் வருகின்றன. கூடவே தூக்கம் கெட்ட பெற்றோரும் வருகிறார்கள். அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது, தேநீர் ஆறிப்போயிருந்தது.

“உக்காருங்கம்மா. யாரு சாப்பிட்டது, பையனா?”

அவள் தலையாட்டினாள்.

“வயசு?”

“பத்தொன்பது.”

படிவத்தில் உறவு என்ற இடத்தில் ‘மகன்’ என்று அவரே எழுதிக்கொண்டார். அவள் அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். காலை ஷிஃப்ட் முழுக்க நின்றுவிட்டு நேராக வந்திருந்தாள்.

கவருக்குள் காய்ந்து சுருங்கிய பழுப்புத் துண்டுகள் இருந்தன. கவரில் கடைப் பெயர்கூட இல்லை.

“எப்ப சாப்பிட்டான்?”

“நேத்து சாயங்காலம். அவனே சூப்பு வெச்சான். எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து மூடி வெச்சிருந்தான். குப்பையில இந்தக் கவரைப் பாத்துட்டு நான் அதைத் தொடவே இல்ல.”

ஆய்வாளர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தார். “செவப்புக் குடையில வெள்ளைப் புள்ளி போட்டது ஒரு தினுசு. அது ஆளைச் சொக்க வைக்கும், கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். இழுத்துச்சா?”

“இல்ல சார்.”

“சாணத்துல முளைக்கிறது இன்னொண்ணு. தொப்பி பொன் நெறமா இருக்கும், கிள்ளினா நீலம் பாயும். புல்லுல வர்றது ரொம்பச் சின்னது, உச்சியில ஒரு கூர் இருக்கும். இந்த ரெண்டும் உள்ள போனா சுவரு நெளியும், கண்ணை மூடினாலும் கலர் கலரா வளையம் தெரியும். அப்படி ஏதாவது சொன்னானா?”

“அதெல்லாம் இல்ல. சிரிச்சான். அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். பாத்திரத்தைக்கூடக் கழுவி வெச்சான்.”

“பாத்திரம் கழுவ வைக்கிற காளான் இருந்தா என் வீட்டுக்கும் ரெண்டு கிலோ வேணும்.”

அவள் சிரிக்கவில்லை. அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் ஊறப் போட்டார்.

“பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. போதைக் காளான் மாதிரியே பழுப்பா ஒரு குட்டி விஷக்காளான் உண்டு. முதல்ல வயித்தைப் புரட்டும், அப்புறம் தேறின மாதிரி இருக்கும், மூணாம் நாள் ஈரல் போயிடும். இப்ப பையன் எப்படி இருக்கான்?”

அவள் கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். “நல்லா இருக்கான். வேலைக்குக்கூடப் போயிட்டான். வாசல்ல செருப்பு மாட்டும்போதும் அதையே சொல்லிட்டுத்தான் போனான். இன்னும் இறங்கலையோன்னுதான் ஓடி வந்தேன்.”

ஆய்வாளர் நிமிர்ந்தார். “ஆறு மணி நேரத்துல இறங்கிடுமேம்மா. காலை வரைக்கும் நிக்காதே. அப்படி என்னதான் சொன்னான், கெட்ட வார்த்தையா?”

அவள் குனிந்துகொண்டாள். “அதை என் வாயால சொல்லக் கூச்சமா இருக்கு சார். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்து பதினோரு வருஷமாச்சு. காய்ச்சல்ல பிதற்றும்போதுகூட அவன் வாயில அது வந்ததில்ல.”

அவர் மேலே கேட்கவில்லை. பிள்ளைகள் பெற்றோரைப் பேசும் பேச்சை இந்த மேசையில் நிறையவே கேட்டாயிற்று.

“எதுவா இருந்தாலும் பளிச்சுனு சொல்லிடுங்க சார்,” என்றாள் அவள். “போதைதான்னா போதைதான்னு சொல்லிடுங்க, மனசைத் தேத்திக்கிறேன். அந்தரத்துல மட்டும் தொங்க விட்டுடாதீங்க.”

ஊறிய துண்டின் மடிப்பிலிருந்து ஒரு கீற்றை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் குனிந்தார். வித்துத் தூள் கருஊதாவாகத் தெரிந்தால் போதை. துருநிறமாகத் தெரிந்தால் பையனை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

வெகுநேரம் பார்த்தார். தகட்டை மாற்றி இன்னொரு துண்டையும் பார்த்தார். ஊதாவும் இல்லை, துருவும் இல்லை. எல்லாம் வெள்ளை.

“அம்மா, இது சமையல் காளான். மரக்கட்டையில வளர்த்துக் காய வெச்சு, சூப்புக்குன்னே சில்லறையா விக்கிறாங்க.”

“நல்லாப் பாத்தீங்களா சார்?”

“ரெண்டு தடவை பாத்தேன். விஷமும் இல்ல, போதையும் இல்ல. இதைச் சாப்பிட்டு யாருக்கும் புத்தி தடுமாறாது. மீதிச் சூப்பு இருந்தா நீங்களும் தாராளமா குடிங்க.”

இந்த இடத்தில் எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள். கும்பிட்டுவிட்டு அவசரமாகக் கிளம்புவார்கள். இவள் நாற்காலியை விட்டு எழவேயில்லை. களைத்துச் சிவந்திருந்த கண்கள் மெல்ல நிறைந்தன.

“அப்ப... என்னை அம்மான்னு கூப்பிட்டது அவனேதானா சார்?”