ஒரு நிமிடத் தாமதம்

அம்மாவை மனநலப் பிரிவில் சேர்ப்பதற்கான கடிதம் உதயரூபனின் சட்டைப் பையில் இருந்தது. மூன்று மணிக்குள் அவரை ஆரையம்பதி வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கிடையில் கல்லடித் தொண்டு நிறுவன அலுவலகத்திலிருந்து தனுஷியா அவனை அழைத்துவிட்டாள்.

“நீங்க வச்ச மிசின் உங்களப்போலதான் அண்ணன், கூப்பிட்டா உடன வராது. ஒவ்வொரு தரமும் ஒரு நிமிசம் சும்மா கிடந்துதான் இன்டர்நெட் வருகுது. டிரெக்டர் கத்துறார்.”

அந்த அலுவலகத்தில் ஐந்து கணினிகள். தொலைபேசி இணைப்போ ஒன்றே ஒன்று. மூன்று மாதங்களுக்கு முன், ஐந்தையும் அந்த ஒரே வழியில் மொடத்தால் இணையத்துக்குக் கொண்டுபோகும் புரொக்சி சேர்வரை அங்கே அமைத்தவன் உதயரூபன்தான். எந்த மேசையில் எவர் ஒரு பக்கத்தைத் திறந்தாலும் சேர்வர் தானாகவே எண்ணைச் சுழற்றும். முதல் எண்ணில் இணைப்புக் கிடைக்காவிட்டால் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகும்.

இணைய நிறுவனத்தின் எண் வந்து சேர்வதற்கு முன்பே, மனப்பாடமாக இருந்த ஓர் எண்ணை முதலில் கொடுத்து, மணி வெளியே போகிறதா என்று சோதித்திருந்தான். மொடத்தின் கீச்சொலி கூட்டங்களைக் குழப்புகிறது என்று இயக்குநர் முறையிட்டதால், அதன் ஒலியையும் அன்றே அடைத்துவிட்டான்.

“அம்மாக்கு இப்ப எப்பிடி?” அவன் வந்து சேர்ந்ததும் தனுஷியா கதிரையை இழுத்துப் போட்டாள்.

“மோசம். தம்பி போன்ல கூப்பிடுறான் எண்டு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் ஓடுறா. கூப்பிடுறானாம், கதைக்கிறானில்லையாம்.”

தம்பி நிதுர்ஷன் வெல்லாவெளி பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டு இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா படியேறிக் கேட்காத இடமில்லை.

“ஒருவேளை உண்மையா கூப்பிடுறாரோ என்னவோ?”

“நானும் நம்பித்தான் இருந்தன். நாலு சனி ஞாயிறு போனுக்குப் பக்கத்திலயே கிடந்து பாத்தன். ஒருக்காக்கூட அடிக்கல்ல. கேட்டா, ‘நீ வீட்டில நிண்டா அவன் கூப்பிடமாட்டான் மனே’ எண்டுறா. சரியெண்டு போனைக் கழட்டப் போனன்...”

மணிக்கட்டை நீட்டினான். பல் பதிந்த தடம் இன்னும் ஆறவில்லை.

“பெத்த தாயைக் கொண்டுபோய் விட எனக்கென்ன ஆசையா புள்ள? டொக்டர்தான் சொன்னார், போன் சத்தம் காதுக்குள்ள கேக்கத் தொடங்கினா வீட்டில வச்சிருக்க ஏலாதெண்டு.”

சுவர்க் கடிகாரம் ஒன்றே காலைக் காட்டியது.

அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஆராய நேரமில்லை. எண் சுழலும்போது தொலைபேசி வழியில் என்ன நடக்கிறது என்று காதால் கேட்டுவிட்டால் பிழை பிடிபட்டுவிடும். மொடத்தின் ஒலியை முழுதாகத் திறந்துவிட்டான்.

“ஏதாவது ஒரு பக்கத்தைத் திற பாப்பம்.”

அவள் சொடுக்கினாள். எண்கள் மளமளவென்று விழுந்தன. மறுமுனையில் மணி போனது. இரண்டாவது மணி முடிவதற்குள் யாரோ ஓடிவந்து ரிசீவரைப் பறித்தெடுத்தார்கள்.

இணைய நிறுவனத்தின் இரைச்சல் வரவில்லை. மூச்சிரைப்புத்தான் வந்தது.

“நிதுர்ஷன், நாளைக்கு இந்தப் போனை எடுக்க ஆளில்ல மனே, இண்டைக்காவது வாயத் திறந்து கதையன்டா.”