ஜாடை

தலைநகரைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், பெரியவர் காலையிலிருந்து போட்டோவாக எடுத்துத் தள்ளினார். அரண்மனை வாசல், நாடாளுமன்றப் படிக்கட்டு, மிருகக்காட்சிசாலை ஒட்டகம் என்று எங்கே போனாலும் மருமகள், அவள் புருஷன், பேத்தி மூவரையும் சேர்த்து நிற்க வைத்தார்.

"தாத்தா, நீ ஒண்ணுலயும் இல்லையே!" என்றாள் பேத்தி.

"எடுக்கிறவன் எப்படிம்மா உள்ள வர முடியும்?"

"உன் தாத்தா வீட்டுலயே இருந்துக்கறேன்னு அடம் பிடிச்சவராச்சே!" என்று சிரித்தாள் மருமகள்.

"சின்னஞ்சிறுசுங்க சந்தோஷமா போற இடத்துல, குறுக்கே நான் எதுக்கும்மா?"

"சும்மா வாங்கப்பா!" என்று மருமகளின் புருஷன் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, வழியில் போன ஒரு பெண்ணிடம் நீட்டினான். அவரைத் தோளோடு அணைத்து நடுவில் நிறுத்தினான்.

போட்டோ எடுத்த பெண் திரையைப் பார்த்துச் சிரித்தாள். "பையன் அப்படியே உங்க ஜாடை சார். உரிச்சு வச்ச மாதிரி!"

மருமகள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர் பெற்ற ஒரே மகன் விபத்தில் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. "உனக்கு இன்னும் வயசிருக்கும்மா" என்று மருமகளிடம் மன்றாடி, அவரே தேடிப் பிடித்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை இவன். கல்யாணமாகி இரண்டு மாதம்தான்.

பெரியவர் வாயைத் திறப்பதற்குள், தோளில் இருந்த கை இறுகியது.

"பின்னே? அவர் பிள்ளை வேற யார் ஜாடையில இருப்பான்?" என்றான் அவன்.