தொழில் என்ற கட்டம்

விருதுநகரில் டிராவல்ஸ் நடத்தும் சாம்சுந்தர் மூன்றாவது விசா விண்ணப்பத்தையும் கிழித்துப் போட்டான். எதிரே உட்கார்ந்திருந்த பட்டாசுத் தொழிலாளி இருளம்மாள் இறங்கி வருவதாக இல்லை. மறுநாள் சென்னையில் அவளுக்கு நேர்காணல்.

“தொழில்ங்கிற இடத்துல தையல்னு போடுறேன். கையெழுத்துப் போடுங்கக்கா.”

“நான் தையல்காரி இல்லையே தம்பி. வெடி கட்டுறவ.”

“வெடின்னு எழுதினா எந்த நாட்டுக்காரன் உள்ள விடுவான்? ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி, மூணுக்கும் ஒரே விசா. ஒருத்தன் சந்தேகப்பட்டா மூணும் போச்சு.”

“அதுக்கில்ல, அவுக...”

“அவுக ஒண்ணும் உங்க கம்பெனிக்கு வந்து பாக்கப் போறதில்ல. ஊர் சுத்திப் பாத்துட்டு வரப்போறீக, அம்புட்டுத்தான். வேணும்னா விவசாயம்னு போடவா?”

“வெடின்னே போடுங்க.”

சாம்சுந்தர் தலையில் கைவைத்துக்கொண்டான். காலையிலிருந்து இதே ரோதனை.

“உங்களுக்கு விசா வேணுமா, வேண்டாமா?”

இருளம்மாள் பைக்குள்ளிருந்து ஓர் ஆங்கிலக் கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள். மூன்று நாடுகளில் நடக்கும் வாணவேடிக்கை விழாக்களுக்கு வந்து, கையால் வெடி கட்டுவதைச் செய்துகாட்டும்படி ஆமத்தூர் இருளம்மாளை அதில் அழைத்திருந்தார்கள்.

அவன் அதை இரண்டு முறை படித்தான்.

“இதை ஏங்க்கா முதல்லயே காட்டல?”

“காலையில இருந்து அதத்தான சொல்ல வாரேன். நீங்க எங்க பேச விட்டீக?”

சாம்சுந்தர் நான்காவது விண்ணப்பத்தை எடுத்துவைத்துப் பேனாவைத் திறந்தான்.

“சொல்லுங்கக்கா. நீங்க சொல்றத அப்படியே எழுதுறேன்.”