யாருடைய படம்?

"போச்சு சுபா! நம்ம படத்தை நெட்ல தடை பண்ணிட்டானுங்க!" அர்ஜுனன் வலையைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடிவந்தான்.

ஆலைக் குழாய் ஒன்று ஏரியில் கழிவு கொட்டுவதை, நண்டு பிடிக்கப் போன படகிலிருந்து அவனே எடுத்த படம். நாளை பொன்னேரியில் அந்தக் கழிவு பற்றி விசாரணை.

"நான் திருடிப் போட்ட படமாம். ஆலைக்காரன் காப்பிரைட் புகார் குடுத்துக்கிறான். திருட்டுப் படம்னா நாளைக்கு அதை எப்படிக் காட்றது?"

அவன் மனைவி சுபஸ்ரீ போனைப் பிடுங்கிப் படித்தாள். படித்ததும் துள்ளிக் குதித்தாள்.

"பைத்தியமா உனக்கு?"

"இருய்யா. போன விசாரணையில அவன் இன்னா சொன்னான்?"

"அது எங்க குழாயே இல்ல, கம்ப்யூட்டர்ல ஜோடிச்ச படம்னான்."

"இப்ப கையெழுத்துப் போட்டு இன்னா எழுதிக்கிறான், படி!"

அர்ஜுனன் எழுத்துக்கூட்டிப் படித்தான்: "எங்கள் ஆலையின் குழாயை நாங்களே எடுத்த படம்."

அவளை அலாக்காகத் தூக்கிச் சுற்றினான்.

"விடுய்யா, தெருவே பாக்குது! மொதல்ல போயி அதைப் பிரின்ட் எடு!"