ஐந்து குடித்தனம்

சர்வர் அறையில் கருகிய வாடை மூக்கைத் துளைத்தது. ஆஸ்பத்திரியே கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சிஸ்டம்காரன் மட்டும் பதறாமல் பழைய லேப்டாப் ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டிருந்தான்.

"எப்படிடா உன்னால இப்படி நிதானமா இருக்க முடியுது? உங்க அத்தானை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போயாச்சுடா" என்றாள், ஓடி வந்த அக்கா.

பைக் விபத்து. அத்தானுக்கு நினைவில்லை. முன்பொரு முறை இதே ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் மனிதருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அது எந்த மருந்து என்று அக்காவுக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு இருந்த டாக்டரும் இப்போது இல்லை. காகிதக் கோப்புகளை ஸ்கேன் செய்து எரித்தாயிற்று. ரெக்கார்டு சர்வரைத்தான் கேட்க வேண்டும். அரை மணி நேரத்துக்குமேல் காத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன மாதம்வரை அந்த அறையில் ஐந்து சர்வர் பெட்டிகள் இரைந்துகொண்டிருந்தன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே இருக்கும் வசதியை வைத்து, ஐந்தையும் ஒரே பெரிய மெஷினுக்குள் மெய்நிகர் சர்வர்களாகக் குடியேற்றினான் அவன். ஒரே வீட்டைத் தடுத்து ஐந்து குடித்தனம் வைத்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி முகவரி. திரையில் பார்த்தால் தனித்தனி மெஷின்கள்தான். பழைய பெட்டிகளை இரும்புக் கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். மேனேஜர் கைகொடுத்துப் பாராட்டினார்.

அந்தப் பெரிய மெஷின்தான் இன்று காலை டிஸ்க்கோடு சேர்ந்து கருகிவிட்டது.

"அழாதேக்கா. இப்படி ஏதாவது ஆகும்னுதான் பேக்கப்புக்குன்னே ஒரு சர்வர் வச்சிருக்கேன். மத்த நாலையும் அது தினம் காப்பி எடுத்துடும். அஞ்சு நிமிஷம் குடு."

அவளுக்குப் பெரிய பாரம் இறங்கியது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம்பினாள், பாவம்.

லேப்டாப்பில் பேக்கப் சர்வரின் முகவரியை அடித்தான். பதில் இல்லை. கேபிளைப் பிடுங்கி மாட்டி மறுபடி அடித்தான். கூப்பிட்ட குரலுக்கு முதல் ஆளாக வந்து நிற்கும் சர்வர் அது. இன்றைக்கு வாயே திறக்கவில்லை.

தியேட்டரிலிருந்து வந்த நர்ஸ், இன்னும் பத்து நிமிடம்தான் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

"அந்த பேக்கப் மெஷின் ஆஃப் ஆகியிருக்கும்டா. எங்க இருக்குன்னு சொல்லு, நான் போய் ஆன் பண்றேன்."

அவன் எழுந்து அறையைச் சுற்றிப் பார்த்தான். சுவரோரம், பழைய பெட்டிகள் இருந்த இடத்தில் ஐந்து தூசித் தடங்கள் மட்டும் இருந்தன. கருகிக் கிடந்த மெஷினைக் கைகாட்டினான்.

"அதுவும் இதுக்குள்ளதான்க்கா இருந்துச்சு."