வடிகட்டியில் சேரும் பஞ்சு

வெல்மாவின் கணவர் கிளாரி, ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்து பகுதியில் ஒரு மின் நிலையத்தில் கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் பூசும் வேலை பார்த்தவர். அந்தத் தூசியால் நுரையீரல் உறையில் புற்றுநோய் வந்து அவர் இறந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. அவருடைய உடுப்புகளை அந்த வாரமே எரித்துவிட்டாள். சலவை இயந்திரம்கூடப் போன வருடம் வாங்கியதுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவை துவைத்து முடித்ததும் அதன் வடிகட்டியில் ஒரு பிடி சாம்பல் நிறப் பஞ்சு சேர்ந்திருக்கும். தொட்டால் விரலில் சளிபோல ஒட்டும்.

அவளுடைய நுரையீரல் உறையிலும் புற்றுநோய் என்று தெரிந்த வாரம், மின் நிலைய நிர்வாகத்திலிருந்து ரஸ்ஸல் என்பவன் ஒரு தாளுடன் வந்தான். அவள் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

“நீங்க ஒரு நாள்கூட அங்க வேலை பாக்கலியேம்மா. அப்புறம் அந்தத் தூசி உங்களுக்கு எப்படி வரும்? அதைத்தான் இதுல எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“முப்பது வருஷம் அவர் உடுப்பை நான்தானே தம்பி உதறித் தொவைச்சுப் போட்டேன்.”

வெல்மா எழுந்துபோய் அன்றைய பஞ்சை அள்ளி வந்து, ஈரத்தோடு அந்தத் தாளின்மேல் வைத்தாள்.

ரஸ்ஸல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். அது என்னவென்று அவன் கேட்கவில்லை. தாளை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினான்.

கார் அருகே நின்று கால்சட்டையைத் தட்டினான். சாம்பல் தூசி எழுந்தது. மறுபடி தட்டினான், மறுபடியும் எழுந்தது. கோட்டைக் கழற்றி உதறினான். அது நிற்கவே இல்லை.

வெல்மா வலைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தபடியே கேட்டாள்.

“உன் வீட்ல துணி தொவைக்கிறது யாரு தம்பி?”