கடைசிப் பக்கத்தில் வில்ஃப்

கிர்க்வுட் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பின் நூற்றாண்டுப் புத்தகம் ஆகஸ்டிலேயே தபாலில் வந்துவிட்டது. முன்பதிவு செய்த ரசிகர்களின் பெயர்களைக் கடைசியில் அச்சிட்டிருந்தார்கள். வில்ஃப் கோப்பைப் படங்களைத் தள்ளிவிட்டு, இருமிக்கொண்டே நேராக அங்கே போனார்.

"என் பேர் இல்லையே மாரீன். நாப்பது வருஷம் மழையில நின்னு கத்தினவன் நான்."

"அப்புறம் பாத்துக்கலாம், இங்கே குடு," என்று மனைவி கை நீட்டினாள்.

அவர் பக்கத்தைப் புரட்டினார். 'மறைந்த ரசிகர்கள்' என்ற தலைப்பின்கீழ் அவர் பெயர் இருந்தது.

"பாவிங்க, என்னைக் கொன்னுட்டானுங்க. இந்தச் சளி விடட்டும், நேர்லயே போய்க் கிழிக்கிறேன். இப்ப ஃபோனை எடு."

மாரீன் எடுக்கவில்லை.

"முன்பதிவுப் படிவத்தை நிரப்பினது நான்தான். உனக்கு அக்டோபர் தாண்டாதுன்னு டாக்டர் என்கிட்ட மட்டும் சொன்னார். புத்தகம் கிறிஸ்துமஸுக்குத்தான்னு கிளப்புல சொன்னாங்க."

அவர் மடியிலிருந்ததை மெல்ல மூடினாள்.

"புத்தகம் முந்திக்கிச்சு."